துத்தநாகத்தில் முக்கியெடுத்த கோபுரம்: திங்கள்நகர்ச் சாலைப் பட்டறையைப் பற்றி

குமரி மாவட்டத்தில் அமெச்சூர் ரேடியோவுக்கு (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது; அப்படிப் பேசுகிறவர்களை ஹாம் என்பார்கள்) கோபுரம் போட நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் ஒரே ஒரு பட்டறையைத்தான் சொல்கிறேன். திங்கள்நகரிலிருந்து தக்கலை போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட இடம். பார்வைக்குத் தேவாலயக் கொடிமரமும் தண்ணீர்த்தொட்டி ஸ்டாண்டும் செய்கிற சாதாரண வெல்டிங் பட்டறைதான். உரிமையாளர் தம் பெயரையும் எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலையே கை கொள்ளவில்லையாம். திங்கள்நகர் இரும்புக் கடைகளில் "ரேடியோ கோபுரம் செய்கிறவர்" என்று கேட்டால் வழி சொல்வார்கள். என் 15 மீட்டர் கோபுரத்தைச் செய்து, நிறுத்தி, இன்றுவரை ஆண்டுதோறும் வந்து பார்த்துக்கொள்கிறவர்கள் இவர்கள்தான். நல்லதையும் குறையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

குளச்சலிலும் முட்டத்திலும் விசைப்படகுகளில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், பேசப் பயன்படும் வி.எச்.எப். வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. உப்புக்காற்று இரும்பையும் அலுமினியத்தையும் செம்பையும் எப்படித் தின்னும் என்பதை அன்றாடம் கையால் தொட்டுப் பார்க்கிறவன். வீடு மணவாளக்குறிச்சிக்கு வடக்கே, கடலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்புப் பிசுபிசுக்கும். இப்படிப்பட்ட இடத்தில் கோபுரம் என்றால் முதல் கேள்வி உயரம் அல்ல, துரு. அதைத் தானாகவே புரிந்துகொண்ட ஒரே பட்டறை இது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

பெரும்பாலான பட்டறைகளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கடையில் துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. குழாயை வாங்குவார்கள். அதை வெட்டி, குறுக்குக் கம்பிகளை வெல்டிங் வைப்பார்கள். துத்தநாகம் 420 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும். வெல்டிங் வில்லின் சூட்டில் அது வெண்புகையாகப் போய்விடும். அந்தப் புகையை இழுக்கிற வெல்டருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். வெல்டிங் பட்ட இடங்களில் முலாமே இருக்காது. கோபுரத்தின் உயிர் இருக்கிற மூட்டுகள்தான் அவை. அதன்மேல் வெள்ளிப் பெயின்ட் அடித்து, பளபளவென்று லாரியில் ஏற்றிவிடுவார்கள். உள்நாட்டில் எங்காவது என்றால் சில ஆண்டுகள் தாங்கும். நம் கடலோரத்தில் ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் பழுப்புக் கண்ணீர் வடியத் தொடங்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு நண்பரின் கோபுரம் அப்படித்தான் ஆனது. வெளியே பெயின்ட் அப்படியே இருந்தது. உள்ளே குழாயின் கனம் பாதியாகிவிட்டிருந்தது. சுத்தியலால் தட்டினால் மண்பானையைப் போல் மந்தமான ஓசை வந்தது. அதன்மேல் ஆளை ஏற்ற யாரும் சம்மதிக்கவில்லை. கிரேன் வைத்துத்தான் இறக்கினார்கள்.

திங்கள்நகர்ச் சாலைப் பட்டறையில் நான் போய்க் கேட்டதும் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி: "மேலே என்ன வைக்கப் போகிறீர்கள், அண்ணே? காற்றுப் படும் பரப்பு எவ்வளவு?" வேறு எங்கும் உயரத்தைத்தான் கேட்டார்கள். 14 மெகாஹெர்ட்சுக்கு மூன்று உறுப்பு யாகி, அதைத் திருப்ப ஒரு ரோட்டர், உச்சியில் 145 மெகாஹெர்ட்சுக்கு ஒரு நெட்டுக்குத்து ஆன்டெனா, பக்கத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை (நடுவில் ஊட்டம் தரும் கம்பி ஆன்டெனா) கவிழ்ந்த 'வி' வடிவில் கட்ட ஒரு கப்பி என்றேன். யாகி என்றால் என்ன என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பழைய தூர்தர்ஷன் காலத்து மீன்முள் ஆன்டெனாவும் அதே குடும்பம்தானே. ஆனால் 14 மெகாஹெர்ட்சில் பின்பக்கக் குழாய் பத்தரை மீட்டர் நீளம் வரும் என்றதும் எழுந்து போய் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போடத் தொடங்கினார்.

அந்தக் கணக்கு எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன். கட்டடங்களின் மீது காற்றின் பளுவைச் சொல்லும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அது நம் பகுதிக்குத் தரும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் கிடைக்கும். 39-க்கு அது 912 நியூட்டன். எடைக் கணக்கில் சதுர மீட்டருக்கு 93 கிலோ. அரை சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனா என்றால் 15 மீட்டர் உயரத்தில் 46 கிலோ பக்கவாட்டில் இழுக்கிறது என்று பொருள். ஆன்டெனாவின் எடையைவிட இது அதிகம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் போட்ட கணக்கு இதே கணக்குதான். அதற்கு மேல் இடத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ற கூட்டல்களையும் தெரிந்த கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிச் சரிபார்த்தார். அந்தக் கட்டணம் விலைக்குள் அடக்கம்.

கோபுரம் முக்கோணச் சட்டம். ஐந்து துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர். கால்களுக்கு ஒன்றேகால் அங்குலக் கறுப்புக் குழாய், குறுக்கே 10 மில்லிமீட்டர் கம்பி. கறுப்புக் குழாய் என்பதைக் கவனியுங்கள். முலாமில்லாத குழாயை வெட்டி, வெல்டிங், துளை, தட்டு, காது எல்லாம் முடித்த பிறகுதான் முழுத் துண்டையும் 450 டிகிரிச் சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கிறார்கள். அதற்கு மாவட்டத்துக்கு வெளியே ஒரு முலாம் ஆலைக்கு அனுப்ப வேண்டும். இரும்பும் துத்தநாகமும் கலந்து ஒட்டிக்கொள்வதால் அது பெயின்ட்டைப் போல் உரிவதில்லை. கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தன்னை அரிக்கவிட்டு இரும்பைக் காப்பாற்றும். படகின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

துண்டுகள் திரும்பி வந்த அன்று என்னை அழைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு காலின் இரு முனைகளிலும் சிறு துளைகள் இருந்தன. மூடிய குழாயை உருகிய துத்தநாகத்தில் இறக்கினால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும். அதற்காக இடும் துளைகள் அவை. கீழ்த்துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிற்காலத்தில் குழாய்க்குள் சேரும் மழைநீரும் வியர்வையும் வடிய வேண்டும். உரிமையாளர் ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு துளையிலும் விட்டு, துத்தநாகம் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு காலில் அடைத்திருந்தது. அங்கேயே துளைப்பான் வைத்துத் திறந்தார். நான் படகுத்துறை நண்பரிடமிருந்து இரவல் வாங்கிப் போயிருந்த, முலாமின் கனத்தை அளக்கும் கனமானியை வைத்துப் பார்த்தேன். தொட்ட இடமெல்லாம் 70 மைக்ரானுக்கு மேல். கடையில் கிடைக்கும் மின்முலாம் போல்ட்டுகளில் பத்து மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். நான் கொடுத்த பணத்தில் மிக நன்றாகச் செலவான பங்கு இந்த முலாமுக்குப் போனதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

இந்த இடத்தில் குறையையும் சொல்லிவிடுகிறேன். முலாம் ஆலை சிறு வேலைகளைச் சேர்த்துவைத்துத்தான் குளியலில் இறக்கும். அதனால் சொன்ன தேதியில் துண்டுகள் வரவில்லை. தேதி தள்ளித் தள்ளிப் போனது. பட்டறையிலிருந்து தாமாக ஒரு தகவலும் சொல்லவில்லை, நானே தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது, துண்டுகளை இணைக்கும் தட்டுகளில் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். துத்தநாகம் படிந்து துளை சுருங்கும் என்பது தெரிந்த விஷயம். எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து அரம் போட்டு அகலப்படுத்தினார்கள். அரம் பட்ட இடங்களில் இரும்பு வெளியே தெரிந்தது. துத்தநாகத்தூள் மிகுந்த பெயின்ட்டைப் பூசிச் சரி செய்தார்கள் என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்றைக்குக் கோபுரத்தில் செந்துரு தலைகாட்டுகிற இடம் எது என்றால் அந்தத் துளைகளின் விளிம்புதான். சொன்னபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் செய்த கோபுரங்களில் துளை பெரிதாக இருப்பதைப் பார்த்தேன்.

அடித்தளத்துக்குக் கொத்தனாரை அவரே அனுப்பினார். செம்மண் கெட்டியாக இருந்ததால் குழி சரியவில்லை. காங்கிரீட் மேல்முகத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, நடுவிலிருந்து நாலாபுறமும் சரித்து முடித்தார்கள், தண்ணீர் நிற்காமல் ஓடுவதற்காக. கோபுரக் கால் காங்கிரீட்டில் இறங்கும் இடத்தில் தண்ணீர் தேங்கினால் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். நாற்பது சாக்குக் காங்கிரீட் போட்டாலும் அது காப்பாற்றாது. காங்கிரீட் போட்டு 28 நாள் ஆகும்வரை கோபுரத்தை நிறுத்த மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். எனக்கு அவசரம் இருந்தது. ஆனால் அவர் செய்ததுதான் சரி.

கோபுரத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள் மூன்று திசைகளில், 120 பாகை இடைவெளியில், இரண்டு உயரங்களில், மொத்தம் ஆறு. நங்கூரங்கள் அடியிலிருந்து பத்தரை மீட்டர் தள்ளி, அதாவது உயரத்தில் பத்தில் ஏழு பங்கு. நம் ஊரில் வீட்டைச் சுற்றி அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. மூன்றில் ஒரு நங்கூரம் பக்கத்து விளையில் விழுந்தது. அங்கே தென்னை வைத்திருக்கிற அக்கா முதலில் தயங்கினார். பட்டறைக்காரர் நேரில் போய், குழி எவ்வளவு, கம்பி எந்தச் சாய்வில் வரும், தேங்காய் வெட்ட ஏறுகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல் எப்படி வைப்பது என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டிய பிறகு சம்மதித்தார். கம்பியில் மஞ்சள் உறை மாட்டித் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. இது கோபுரம் செய்கிறவர் வேலை அல்ல, ஆனாலும் செய்தார்.

கம்பியின் முனை கட்டும் முறையை வைத்தே ஒருவருக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம். ஆறு மில்லிமீட்டர் கம்பிக்கயிற்றை வளையத்தில் சுற்றி மடக்கும்போது, உள்ளே குதிரைலாட வடிவத் தகடு வைக்காவிட்டால் கயிறு நசுங்கும். பிறகு கிளிப்புகள். கிளிப்பின் 'யு' வளைவு, மடங்கி வந்த சும்மாக்கிடக்கும் வாலின் மேல் அமர வேண்டும். அடிக்கட்டை, பளு தாங்கும் கயிற்றின் மேல் அமர வேண்டும். மாற்றிப் போட்டால் 'யு' வளைவு பளு தாங்கும் கயிற்றையே கடித்து நொறுக்கும். துறைமுகத்திலேயே நான் பலமுறை தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு முனையிலும் மூன்று கிளிப்புகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, சரியாக. இழுவை ஏறியதும் கயிறு மெலியும் என்பதால் சில நாள் கழித்து வந்து மீண்டும் முறுக்கினார்கள். கயிற்றின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று தளராமல் இருக்க அதன் உடலுக்குள் கம்பி கோத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

இழுவையைக் கைப்பழக்கத்தில் விடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. கயிறு அறுபடும் பளுவில் பத்தில் ஒரு பங்கு முன்னிழுவை வேண்டும். இந்தக் கயிற்றுக்கு அது 200 கிலோவை ஒட்டி வரும். மீன் ஏலக்கூடத்தில் தொங்கவிடுகிற டிஜிட்டல் தராசு ஒன்றை இழுப்புக் கப்பிக்கும் கயிற்றுக்கும் நடுவே மாட்டி, எண்ணைப் பார்த்து ஆறு கம்பிகளையும் சமன் செய்தார்கள். ஒரு பக்கம் கூட்டி இன்னொரு பக்கம் தளர்த்தினால் கோபுரம் வில்லாக வளையும். ஒருவர் அடியில் படுத்து, கண்ணைக் கால்குழாயோடு வைத்து, உச்சிவரை நேர்கோடு பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

ரேடியோ அலைக்காக ஒன்று: ஸ்டே கம்பி நீளமாக ஒரே துண்டாகப் போனால் அதுவும் ஆன்டெனாவாக நடந்துகொள்ளும். 14 மெகாஹெர்ட்சில் அரை அலைநீளம் பத்து மீட்டர் சொச்சம். அந்த நீளத்தை ஒட்டிய துண்டு யாகியின் திசைக்கூர்மையைக் கெடுக்கும். அதனால் நடுநடுவே முட்டை இன்சுலேட்டர்களை வைத்து நீளத்தை உடைக்க வேண்டும். மின்வாரியக் கம்பங்களின் ஸ்டேயில் பார்த்திருப்பீர்களே, அதே பீங்கான் முட்டைதான். அதில் இரண்டு கயிறுகளும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டது மாதிரி குறுக்காகப் போகும். பீங்கான் உடைந்தே போனாலும் கயிறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கோபுரம் விழாது. நான் கொடுத்த அளவுகளைப் படத்தில் குறித்து, இம்மி பிசகாமல் வெட்டியிருந்தார்கள்.

இனி கோபுரம் ஏறுகிறவர்களைப் பற்றி. பட்டறையோடு சேர்ந்து வேலை செய்கிற இரண்டு இளைஞர்கள் முன்பு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தவர்கள். அது அவர்கள் ஏறும் விதத்திலேயே தெரிகிறது. முழு உடல் பாதுகாப்புப் பட்டை, அதிலிருந்து இரண்டு கொக்கிக் கயிறுகள். ஒரு கொக்கியை மேலே மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்றுவார்கள். ஒரு கணமும் இரண்டும் கழன்றிருக்காது. ஸ்பானர், இடுக்கி எல்லாம் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கயிற்றோடு. ஆள் மேலே இருக்கும்போது கீழே வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, தலைக்கவசம் போட்டாலும் கூடாது. என் மகன் காப்பி கொண்டுவந்தபோதுகூட வட்டத்துக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். ஈரமாக இருந்தால் ஏறுவதில்லை. காற்று எழுந்தால் பாதி வேலையானாலும் இறங்கிவிடுகிறார்கள்.

என்னை அசர வைத்தது வேறொன்று. ஏறுவதற்கு முன் மூத்தவர் என் ரேடியோ அறைக்குள் வந்தார். டிரான்சீவரின் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோ கருவி) மின்கம்பியைக் கழற்றித் தரும்படி கேட்டார். அதைச் சுருட்டித் தம் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு ஏறினார். மேலே ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கீழே யாராவது அறியாமல் ஒலிபரப்புப் பொத்தானை அழுத்தினால் விரல் வெந்துபோகும்; அதிர்ச்சியில் பிடி நழுவலாம். சாவி தம்மிடம் இருக்க வேண்டும் என்பது காற்றாலையில் கற்ற பழக்கம் என்றார். ஹாம்களிலேயே இதைச் செய்கிறவர்கள் குறைவு.

மின்கம்பிகளைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் விதியும் நல்லது. தோப்புக்குள் தாழ்வாக மின்கம்பிகள் ஓடுகிற ஊர் நம்முடையது. கோபுரமும் ஆன்டெனாவும் எந்தப் பக்கம் சரிந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று நாடா பிடித்து அளந்த பிறகே இடத்தை ஒப்புக்கொள்கிறார்கள். நான் முதலில் நினைத்த மூலை அதனால்தான் மாறியது. வயர்லெஸ் உரிமத்தின் நிபந்தனைகள், உள்ளாட்சி அனுமதி ஆகியவற்றை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்; அதில் அவர்கள் தலையிடுவதில்லை.

இடிதாங்கிப் பாதுகாப்பில் இவர்களுக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். சித்திரை, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே விழுகிற இடியைத் தெரிந்தவர்கள் இதை லேசாக எடுக்கக் கூடாது. "ஒரு கம்பி அடித்து விடலாம்" என்றார்கள். போதாது. மூன்று நங்கூரங்களுக்கும் அடித்தளத்துக்கும் தனித்தனி மண்தண்டுகள், அவற்றை இணைக்கும் பட்டைக்கம்பி, வீட்டு மின்சாரத்தின் மண்ணிணைப்போடு ஒரே பிணைப்பு, ஆன்டெனாவையும் கருவியையும் இணைக்கும் கோஆக்சியல் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் இவ்வளவும் வேண்டும். பிணைக்காமல் தனித்தனியாக விட்டால், இடி விழும்போது இரண்டு மண்களுக்கும் இடையிலான அழுத்தம் உங்கள் கருவி வழியாகத்தான் பாயும். கம்பி எங்கும் கூர்மையாக மடங்கக் கூடாது. செம்பு நேராகத் துத்தநாகத்தைத் தொடவும் கூடாது; உப்பு ஈரத்தில் துத்தநாகம் கரைந்துவிடும். நடுவே துருப்பிடிக்காத எஃகுத் தகடு வேண்டும். இதையெல்லாம் நாகர்கோவிலிலிருந்து வேறொருவரை அழைத்துச் செய்துகொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். என்ன செய்தாலும் இடி முழங்கும்போது கோஆக்சியல் கம்பியைக் கழற்றி வெளியே போடுவதற்கு ஈடில்லை.

கோஆக்சியல் கம்பியையும் நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. பட்டறையில் மெல்லிய ஆர்.ஜி.58 வைத்திருந்தார்கள். 145 மெகாஹெர்ட்சில் 30 மீட்டர் நீளத்துக்கு அதில் அனுப்பும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் ஆன்டெனாவைச் சேரும். ஆர்.ஜி.213 போட்டால் பாதி சேரும். இணைப்புகளின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடா, அதன் மேல் சாதாரண நாடா. வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

பராமரிப்புக்கு வருகிறேன். கோபுரம் செய்து தருகிறவர்கள் பலர் உண்டு. திரும்பி வருகிறவர்கள் அரிது. இவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வைகாசியில், கச்சான் பலமாவதற்கு முன்பு வருகிறார்கள். தனிக் கட்டணம், நியாயமானது. ஒவ்வொரு நட்டையும் முறுக்கிய பிறகு நட்டிலிருந்து தட்டுவரை சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்த்த உடனேயே தெரியும். ஒருமுறை மேலிருந்து இரண்டாவது இணைப்பில் ஒரு கோடு அரை விரல் விலகியிருந்ததைப் படம் பிடித்து இறக்கிக் காட்டினார்கள். ஸ்பிரிங் வாஷர் உடைந்திருந்தது. கீழே நின்று பைனாகுலரில் பார்த்தும் எனக்குத் தெரியாத ஒன்று அது.

வெண்துருவையும் செந்துருவையும் பிரித்துச் சொல்கிறார்கள். வெள்ளைப் பொடி என்றால் துத்தநாகம் தன் வேலையைச் செய்கிறது; துடைத்தால் போதும். சிவப்பு என்றால் இரும்பு வெளிப்பட்டுவிட்டது. தேய்த்து, துத்தநாகப் பெயின்ட் பூச வேண்டும். டர்ன்பக்கிள் மரைகளுக்குக் கிரீஸ், ஸ்டே இழுவையை மீண்டும் தராசில் பார்ப்பது, முட்டை இன்சுலேட்டர்களில் வெடிப்பு, ரோட்டர் பொருத்தும் தட்டு, யாகிக் குழாய்களின் வாயில் குளவிக்கூடு எல்லாம் பார்க்கிறார்கள். காகம் கூடு கட்டக் கொண்டுவரும் கட்டுக்கம்பித் துண்டுகள் பெரிய தொல்லை. ஒன்று யாகியின் ஊட்டுமுனையில் (கோஆக்சியல் கம்பி சேரும் இடம்) விழுந்து கிடந்தபோது எதிரலை அளவு (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலை) தாறுமாறாக ஏறியது. இவர்கள் ஏறி எடுத்த பிறகுதான் இறங்கியது. ஸ்டேயின் மேல் விழக்கூடிய காய்ந்த தென்னை மட்டைகளையும் வந்த கையோடு வெட்டிவிடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, அந்தமானில் ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கடத்தினார். அதே அலை நம் குளச்சலையும் மணக்குடியையும் அழித்தது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சொல் கிடைக்காதா என்று கரையில் நின்றவர்களோடு நானும் நின்றேன். அவர்களில் பலர் நான் பழுது பார்த்த கருவிகளை வைத்திருந்தவர்கள். கோபுரத்துக்கு உண்மையான வேலை வருவது அப்படிப்பட்ட நேரத்தில்தான். காற்று உச்சத்தில் இருக்கும்போது. அழகான நாளில் நிற்கிற கோபுரத்துக்காக நான் யாருக்கும் பணம் கொடுக்க மாட்டேன்.

செலவு: கோபுரம், முலாம், அடித்தளம், நங்கூரம், கம்பிக்கயிறு, நிறுத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே ஆனது. ஆன்டெனா, ரோட்டர், கோஆக்சியல், மண்ணிணைப்பு தனி. வெள்ளிப் பெயின்ட் அடித்த கோபுரம் இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கிடைக்கும். கேட்டுப் பார்த்தேன், பட்டறைக்காரரிடமே. "பெயின்ட் அடித்தால் அடுத்த வாரமே கொண்டு போகலாம். ஆனால் கடலோரத்துக்கு நான் அப்படிச் செய்து தர மாட்டேன், அண்ணே. பிறகு அதன்மேல் ஏறப்போவது என் பிள்ளைகள்தானே" என்றார்.

போகிறவர்கள் ஆன்டெனாவின் காற்றுப் பரப்பையும் எடையையும் எழுதிக் கொண்டு போங்கள். இடத்தின் அளவையும் மின்கம்பி ஓடும் பக்கத்தையும் ஒரு தாளில் வரைந்து கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும். இணைப்புத் துளைகளை முலாமுக்கு முன்பே பெரிதாகப் போடும்படி வாயால் சொல்லாமல் படத்திலேயே குறித்துக் கொடுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், தாமாகத் தருவதில்லை. கிறிஸ்துமஸை ஒட்டித் தேவாலய விளக்கு வளைவு வேலைகளில் மூழ்கியிருப்பார்கள், அப்போது போய்ப் பயனில்லை. தை பிறந்ததும் சொல்லிவைத்தால், முலாம் ஆலையின் தாமதத்தையும் காங்கிரீட் இறுகும் நாட்களையும் சேர்த்து, வைகாசிக்குள் கோபுரம் நின்றுவிடும்.